உதவித்தொகைக்கு ஈடாகக் கேட்கப்படும் கையொப்பம்

அமெரிக்காவில் பள்ளியிறுதி ஆண்டு படிக்கும் ஏழை மாணவர்களுக்காக ‘நேஷனல் காலேஜ் மாட்ச்’ என்றொரு சேர்க்கைத் திட்டம் இருக்கிறது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரைச் சேர்ந்த குவெஸ்ட்பிரிட்ஜ் என்ற லாப நோக்கற்ற நிறுவனம் இதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவருகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 65,000 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த அளவுகோல். மாணவர் செப்டம்பர் இறுதிக்குள் விண்ணப்பிக்கிறார். அக்டோபரில் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர்கள் யார் என்று தெரிகிறது. அவர்கள் 15 கல்லூரிகள் வரை தம் விருப்ப வரிசையில் எழுதித் தரலாம். டிசம்பர் 1 அன்று முடிவு வருகிறது. மாணவரை ஏற்க முன்வந்த கல்லூரிகளுள் அவருடைய வரிசையில் எது மேலே இருக்கிறதோ அதனோடு அவர் இணைக்கப்படுகிறார். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம், பயணம் ஆகிய நான்காண்டுச் செலவும் உதவித்தொகையில் அடங்கும். பெற்றோர் ஒரு காசும் தர வேண்டியதில்லை, கடனும் கிடையாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இணைந்த கல்லூரியில் மாணவர் சேர்ந்தே ஆக வேண்டும். மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். ‘எர்லி டிசிஷன்’ என்று அமெரிக்கக் கல்லூரிகள் அழைக்கும் முன்கூட்டிய சேர்க்கையில் உள்ள அதே பிணைப்பு இது. மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையொப்பமிடும் உறுதிமொழி. பங்கேற்கும் கல்லூரிகள் ஐம்பதைத் தாண்டும்; அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பிணைப்பைக் கேட்கின்றன. எம்.ஐ.டி., பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு, யேல் போன்ற சிலவே கேட்பதில்லை.

இந்தப் பிணைப்பு நியாயமானது என்பதே பரவலான கருத்து. பள்ளி ஆலோசகர்கள், கல்லூரிச் சேர்க்கை அலுவலர்கள், இணைக்கப்பட்ட மாணவர்கள் என்று பல தரப்பினரிடமும் அது வேரூன்றியிருக்கிறது. அவர்கள் முன்வைக்கும் காரணங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. நான்காண்டுப் படிப்பும் இலவசமாகக் கிடைக்கும்போது ஓர் உறுதிமொழியைக் கேட்பது பெரிய விலையாகாது. எர்லி டிசிஷனில் ஏழைக்கு நேரும் தீங்கு, பல கல்லூரிகளின் நிதி உதவியை ஒப்பிட முடியாமல் போவதுதான். செலவே பூஜ்யமாகிவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. மாணவர் வராமல் போனால் அந்த இடம் இன்னொரு ஏழை மாணவருக்குக் கிடைக்காமல் வீணாகும். வரிசையை எழுதுபவர் மாணவரே. பிடிக்காத கல்லூரியை அவர் எழுதத் தேவையில்லை. மருத்துவப் பட்டதாரிகளை மருத்துவமனைகளோடு இணைக்கும் தேசியத் திட்டமும் இப்படித்தான் நடக்கிறது. அதன் அடிப்படைக் கணிதத்துக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது.

திட்டம் செய்துவரும் நன்மை இங்கே கேள்விக்குரியது அன்று. 2023இல் 20,800 பேருக்கு மேல் விண்ணப்பித்து, 6,683 பேர் இறுதிச் சுற்றை எட்டி, 2,242 பேர் இணைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதிப்பவர்கள். மறுக்கப்படுவது ஒன்றே: இந்த நன்மைக்குப் பிணைப்பு தேவை என்ற நம்பிக்கை.

1. விலை கொடுத்து வாங்கப்படுவது என்ன?

உதவித்தொகையை வழங்குவது குவெஸ்ட்பிரிட்ஜ் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். பணம் தருவது கல்லூரி. அந்தக் கல்லூரிகளில் பல, இதே வருமானமுள்ள மாணவர் வழக்கமான சுற்றில், ஜனவரியில் விண்ணப்பித்து மார்ச்சில் இடம் பெற்றாலும் ஏறக்குறைய இதே உதவியைத் தருபவை. ரைஸ் பல்கலைக்கழகம் 2018இல் அறிவித்த திட்டத்தின்படி, 65,000 டாலருக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பத்து மாணவரின் கல்விக் கட்டணத்தோடு தங்குமிடம், உணவுச் செலவையும் பல்கலைக்கழகமே ஏற்கிறது. போடன் கல்லூரி 2008 முதல் நிதி உதவியில் கடனைச் சேர்ப்பதில்லை. வில்லியம்ஸ் கல்லூரி 2022இல் கடனோடு, படிக்கும்போது வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கியது. மூன்றும் இந்தத் திட்டத்தில் பங்கேற்பவை. மூன்றும் பிணைப்பைக் கேட்பவை.

ஆக, இந்தக் கல்லூரிகளில் இடம் கிடைத்த ஏழை மாணவருக்கு முழு உதவி ஏற்கெனவே உரியது. உறுதிமொழி கொடுத்ததால் அது பிறக்கவில்லை. கொடுக்காவிட்டால் போய்விடுவதும் இல்லை. கையொப்பத்துக்கு ஈடாக உண்மையில் கிடைப்பவை இரண்டு. ஒன்று, முடிவு நான்கு மாதம் முன்னதாகத் தெரிகிறது. மற்றொன்று, விண்ணப்பம் தனி வரிசையில் வைத்துப் பார்க்கப்படுகிறது. இரண்டுமே மதிப்புள்ளவைதான், ஆனால் கல்லூரி தன் விருப்பப்படி எப்போதும் வழங்கக்கூடியவை. நிதி உதவியில் இன்னும் கடனைச் சேர்க்கும் கல்லூரிகளும் பட்டியலில் இருக்கலாம். அங்கே மாட்ச் உதவித்தொகை உண்மையிலேயே கூடுதல் நன்மை. ஆனால் அங்கே எழ வேண்டிய கேள்வி வேறு. ஏழை மாணவர் எல்லோருக்கும் கடனில்லாத உதவி தர இயலும் கல்லூரி, கையொப்பமிட்டவருக்கு மட்டும் அதைத் தருவது ஏன்?

2. பிணைப்பு இல்லாமல் திட்டம் நடக்காதா?

நடக்கிறது. அதற்குச் சான்று திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எம்.ஐ.டி.யோடு இணைக்கப்பட்ட மாணவருக்கும் அதே டிசம்பர் 1இல் அதே முழு உதவித்தொகை உறுதியாகிறது. அதன்பின் அவர் வழக்கமான சுற்றில் வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மார்ச், ஏப்ரலில் வரும் முடிவுகளை எல்லாம் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு மே 1க்குள் முடிவெடுக்கலாம். யேலும் பிரின்ஸ்டனும் ஸ்டான்ஃபோர்டும் அப்படியே. ஒரே நிறுவனம், ஒரே விண்ணப்பம், ஒரே வருமான அளவுகோல், ஒரே நாள். ஒரு பகுதி மாணவர்களுக்குப் பிணைப்பு இல்லாமலே எல்லாம் நடந்தேறுகிறது.

இதற்குத் தரப்படும் பதில், அந்தக் கல்லூரிகளின் பெயருக்காகவே மாணவர்கள் வந்துவிடுவார்கள், மற்ற கல்லூரிகளுக்கு அந்த வசதி இல்லை என்பது. பிணைப்பின் மெய்யான வேலை என்ன என்பது இந்தப் பதிலிலேயே வெளிப்படுகிறது. மாணவருக்குத் தெரிவுரிமை இருந்தால் அவர் வேறெங்கோ போய்விடக்கூடும் என்று கல்லூரி அஞ்சுகிறது. அந்த அச்சத்துக்கு மருந்தாகப் பிணைப்பு வருகிறது. கல்லூரிகளுக்கிடையே உள்ள போட்டி கல்லூரிகளின் பிரச்சினை. ஆண்டு வருமானம் 65,000 டாலரை எட்டாத வீட்டுப் பிள்ளையின் தெரிவுரிமையை எடுத்து அந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதை உதவி என்று சொல்ல முடியாது.

3. ஒப்பிட எதுவுமே இல்லையா?

செலவு பூஜ்யம் என்பதால் ஒப்பீடு தேவையற்றது என்ற வாதம், ஏழை மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் பணம்தான் என்று எடுத்துக்கொள்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. எந்தத் துறை வலுவானது, ஆய்வுக்கூடத்தில் முதலாண்டிலேயே இடம் கிடைக்குமா, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஒரே நாளில் வந்துசேர முடியுமா, தன்னைப் போன்றவர்கள் அங்கே எத்தனை பேர், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்காக அலசி ஆராயப்படும் எல்லாமே இந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கும் வீட்டில் தூரம் என்பது விருப்பம் சார்ந்த விஷயமாக இருக்காது.

பணத்திலும்கூடக் கணக்கு முழுதாகப் பூஜ்யம் ஆவதில்லை. கோடை விடுமுறையில் வேலை செய்து மாணவர் தம் பங்காக ஒரு தொகையைத் தர வேண்டும் என்று சில கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. வேறு சில எதிர்பார்ப்பதில்லை. கோடையில் சம்பாதிப்பதை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய மாணவருக்கு இந்த வேறுபாடு பெரிது. மேலும் சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் மாட்ச்சுக்கு வெளியே தகுதியடிப்படையிலும் முழு உதவி வழங்குகின்றன. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்-கெய்ன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃபர்சன் ஆகிய உதவித்தொகைகள் கட்டணத்தோடு நிற்காமல் கோடைக்காலப் பயிற்சி, பயணம் ஆகியவற்றுக்கும் வழி செய்கின்றன. இவற்றின் முடிவுகள் வசந்த காலத்தில் வருபவை. டிசம்பரிலேயே பிணைக்கப்பட்டவருக்கு அந்தக் கதவுகள் திறக்கும் முன்பே மூடிவிடுகின்றன.

கல்லூரிகள் மாணவருக்காகப் போட்டியிடுவது மாணவருக்கு நன்மை என்று அமெரிக்க அரசே நீதிமன்றத்தில் வாதிட்டிருக்கிறது. ஒரு கல்லூரிக்கு ஒப்புக்கொண்ட மாணவரை இன்னொரு கல்லூரி அணுகக் கூடாது என்று சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் வைத்திருந்த விதியை நீதித் துறை எதிர்த்தது. 2019 செப்டம்பரில் சங்கம் அந்த விதியை நீக்கியது. டிசம்பரில் வழக்கும் அதை முடித்துவைக்கும் சமரச ஆணையின் வரைவும் ஒன்றாகத் தாக்கலாயின. பிணைப்பு விதி அந்த வழக்கில் தப்பிவிட்டது. ஆனால் போட்டியை அடைத்தால் இழப்பு மாணவருக்கே என்ற தர்க்கம் இங்கும் அப்படியே பொருந்தும்.

4. வரிசையை எழுதுபவர் எதைத் தெரிந்துகொண்டு எழுதுகிறார்?

விருப்பத்தோடு எழுதிய வரிசை என்பதால் பிணைப்பில் கட்டாயம் இல்லை என்ற வாதத்தின் பலவீனம் காலத்தில் இருக்கிறது. வரிசை எழுதப்படுவது அக்டோபரில். எழுதுபவருக்கு வயது 17. பட்டியலில் உள்ள கல்லூரிகளில் பெரும்பாலானவற்றை அவர் நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. விமான டிக்கெட் எடுத்து வளாகம் வளாகமாகச் சுற்ற அவர் வீட்டில் பணம் இல்லை. கல்லூரிகள் தம் செலவில் ஏழை மாணவர்களை வரவழைக்கும் நிகழ்ச்சிகள் உண்டு, ஆனால் எல்லோருக்கும் அது வாய்க்காது. இடம் கிடைத்தவர்களைக் கல்லூரி அழைத்து விடுதியில் தங்கவைத்து, வகுப்பில் உட்காரவைக்கும் நாட்கள் ஏப்ரலில் வருபவை.

எர்லி டிசிஷனில் கையொப்பமிடும் பணக்காரப் பிள்ளையும் பிணைக்கப்படுகிறதே என்று கேட்கலாம். அந்தப் பிள்ளை கையொப்பமிடும்போது நான்கைந்து கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்திருக்கும். பெற்றோரில் ஒருவர் அங்கே படித்தவராக இருக்கலாம். கட்டணம் வாங்கும் தனியார் ஆலோசகர் அதன் பக்கத்தில் இருப்பார். தெரிந்துகொண்டு பிணைத்துக்கொள்வதற்கும், தெரிந்துகொள்ள வழியே இல்லாத நிலையில் பிணைக்கப்படுவதற்கும் இடையே உள்ள தூரத்தை ஒரே படிவத்தில் இடப்படும் ஒரே மாதிரியான கையொப்பம் மறைத்துவிடுகிறது.

இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. இறுதிச் சுற்றை எட்டியவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே இணைக்கப்படுவதால், வாய்ப்பைக் கூட்ட 15 இடங்களையும் நிரப்புவது நல்லது என்ற அறிவுரை பரவலாக உலவுகிறது. அறிவுரையில் கணக்குத் தவறு இல்லை. ஆனால் அதன்படி நடக்கும் மாணவர் பதினோராவது, பன்னிரண்டாவது இடங்களில் பெயர் மட்டுமே கேள்விப்பட்ட கல்லூரிகளை எழுதுகிறார். அவற்றில் எதனோடும் பிணைக்கப்படச் சம்மதம் தருகிறார். பிடிக்காததை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று அவரிடம் சொல்வது, வாய்ப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று சொல்வதாகும். இரண்டில் ஒன்றை இழந்தே தீர வேண்டும் என்ற நிலையில் நிறுத்திவிட்டு அவருடைய முடிவைச் சுதந்திரமான தெரிவு என்று அழைப்பது சரியாகாது.

5. நோபல் பெற்ற கணிதம் எதைச் சொல்கிறது?

மருத்துவமனைத் திட்டத்தை எடுத்துக்காட்டுவோர் அதன் கணிதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி ஆகிய இருவரும் 1962இல் எழுதிய கட்டுரை, தலைப்பிலேயே கல்லூரிச் சேர்க்கையைப் பேசியது. அவர்கள் காட்டிய வழியின் உயிர்நாடி, ஏற்பைத் தள்ளிவைப்பது. கல்லூரி ஒரு விண்ணப்பத்தைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது. மாணவரும் கல்லூரியும் எல்லா வாய்ப்புகளையும் பார்த்து முடித்த பிறகே, கடைசியில், ஏற்பு உறுதியாகிறது. அப்போதுதான் முடிவு நிலையானதாக இருக்கும். அதாவது, ஒருவரை ஒருவர் கூடுதலாக விரும்பும் மாணவரும் கல்லூரியும் பிரிந்து நிற்கும் நிலை எங்கும் இராது. ஷாப்லியும் ஆல்வின் ராத்தும் 2012இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது பாராட்டப்பட்டது இந்தக் கோட்பாடும் அதன் நடைமுறையும்.

மருத்துவமனைத் திட்டம் 1952 முதல் நடக்கிறது. அதில் அந்த நிபந்தனைகள் பெருமளவு நிறைவேறுகின்றன. பட்டதாரி பல மாதங்கள் மருத்துவமனை மருத்துவமனையாக நேர்காணலுக்குப் போய்வந்த பிறகே வரிசையை எழுதுகிறார். மருத்துவமனைகளும் வரிசை எழுதுகின்றன. ஏறக்குறைய எல்லா இடங்களும் எல்லா விண்ணப்பதாரர்களும் ஒரே நாளில் ஒரே கணக்குக்குள் வருகிறார்கள். வெளியே வேறு சந்தை பெரிதாக இல்லை. அங்கே பிணைப்பு, முடிந்துபோன ஒரு தேடலுக்கு இடப்படும் முற்றுப்புள்ளி.

கல்லூரி மாட்ச்சில் நிலைமை தலைகீழ். டிசம்பர் 1இல் இணைக்கப்படுவது சுமார் இரண்டாயிரம் பேர். அதே கல்லூரிகளின் மற்ற இடங்கள் எர்லி டிசிஷன் வழியாகவும், பிறகு வசந்த காலத்து வழக்கமான சுற்று வழியாகவும் நிரம்புகின்றன. தேடல் பாதியில் இருக்கும்போதே மாணவர் மட்டும் பிணைக்கப்படுகிறார்.

இதன் விளைவு கற்பனையானதன்று. டிசம்பரில் ‘மாட்ச் இல்லை’ என்று ஒரு கல்லூரி சொன்னால், சேர்க்கையே இல்லை என்று பொருளாகாது. எங்கும் இணைக்கப்படாத இறுதிச் சுற்று மாணவர்கள் தம் விண்ணப்பங்களை வழக்கமான சுற்றுக்கு நகர்த்தலாம். டிசம்பரில் அவர்களை ஏற்காத அதே கல்லூரிகள் மார்ச்சில் முழு நிதி உதவியோடு அவர்களில் பலரை ஏற்கின்றன. இப்போது இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளலாம். இருவரும் முதலிடத்தில் ஒரே கல்லூரியை எழுதினார்கள். டிசம்பரில் அது இருவரையும் ஏற்கவில்லை. ஒருவர் எங்கும் இணைக்கப்படவில்லை. மற்றவர் தம் ஒன்பதாவது விருப்பத்தோடு இணைக்கப்பட்டார். முதலாமவருக்கு அந்த முதல் கல்லூரியின் கதவு மார்ச் வரை திறந்திருக்கிறது. வெற்றி பெற்றவர் என்று வாழ்த்தப்படும் இரண்டாமவருக்கு அது டிசம்பரிலேயே அடைபட்டுவிடுகிறது. அவரும் அந்தக் கல்லூரியும் ஒருவரை ஒருவர் விரும்பியும் சந்திக்காமல் போகலாம். கேலும் ஷாப்லியும் இருக்கக் கூடாது என்று சொன்ன நிலை இதுவே.

6. இடம் வீணாகுமா?

ஆகாது. ஐம்பது சொச்சம் கல்லூரிகளுக்கு 2,242 பேர் என்றால் ஒரு கல்லூரிக்குச் சராசரியாக 45 பேர் அளவில் வருகிறது. வழக்கமான சுற்றில் ஆயிரக்கணக்கானோருக்கு இடம் தந்து, அவர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று கணித்து, கூடக்குறைய ஆனால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து நிரப்புவதே சேர்க்கை அலுவலகத்தின் அன்றாட வேலை. அதே கணிப்பை 45 பேருக்குச் செய்ய முடியாது என்பது ஏற்கத்தக்கதன்று. யாராவது வராமல் போனால் அதே வருமானப் பிரிவில் காத்திருக்கும் இன்னொருவரை அழைக்கலாம். இணைக்கப்படாத நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இறுதிச் சுற்று மாணவர்கள் இருக்கும்போது ஆளுக்குப் பஞ்சம் ஏது?

7. ஏழை மாணவருக்கு உண்மையில் எது தேவை?

இந்த விவாதத்தில் எண்ணிக்கையோடு பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. 2013இல் கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டபர் ஏவரி இருவரும் வெளியிட்ட ஆய்வு, நல்ல மதிப்பெண் பெற்ற ஏழை மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறந்த கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே இல்லை என்று காட்டியது. விண்ணப்பித்தால் அவர்களுக்கு இடமும் கிடைக்கும். வீட்டருகே உள்ள கல்லூரியைவிடச் செலவும் குறையும். அது தெரியாததாலும், தெரிந்தாலும் நம்ப முடியாததாலும் அவர்கள் ஒதுங்கினார்கள். அந்த நம்பிக்கையின்மையை உடைப்பதில்தான் மாட்ச் திட்டத்தின் பெருமை இருக்கிறது.

அதை உடைக்கப் பிணைப்பு வேண்டுமா என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகம் நேரடியாகச் சோதித்தது. சூசன் டைனார்ஸ்கி உள்ளிட்ட பொருளியலாளர்கள் வடிவமைத்த திட்டம் அது. ‘ஹெயில்’ உதவித்தொகை என்று பெயர். மிச்சிகன் மாநிலத்து அரசுப் பள்ளிகளில் படித்த, நல்ல மதிப்பெண் பெற்ற ஏழை மாணவர்களுக்கு 2015 முதல் கடிதம் போனது. இடம் கிடைத்தால் நான்கு ஆண்டும் கட்டணம் இல்லை. அதற்காக நிதி உதவிப் படிவம் எதையும் நிரப்ப வேண்டாம் என்றது கடிதம். பெற்றோருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும்கூடத் தகவல் போனது. எந்தப் பள்ளி மாணவர்களுக்குக் கடிதம் என்பது சீட்டுக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது.

கடிதம் கிடைக்காத பள்ளிகளில் 26 விழுக்காட்டு மாணவர்கள் மிச்சிகனுக்கு விண்ணப்பித்தார்கள். கடிதம் கிடைத்த பள்ளிகளில் 68 விழுக்காட்டினர். சேர்ந்தவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு மிச்சிகன் வழக்கமான வழியிலேயே ஏறக்குறைய இதே உதவியைத் தந்திருக்கும். புதிதாகச் சேர்ந்தது முன்கூட்டிய உறுதி ஒன்றே. மாணவரிடமிருந்து எந்த உறுதிமொழியும் வாங்கப்படவில்லை. வேறு கல்லூரி பிடித்திருந்தால் அவர் அங்கே போகலாம். அப்படியிருந்தும் அவர்கள் வந்தார்கள். உறுதியைக் கல்லூரி தந்தால் போதும், மாணவர் பதிலுக்குப் பிணைய வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை எதிர்பார்க்க முடியாது.

8. பிணைப்பால் இன்னும் யாருக்கு லாபம்?

எர்லி டிசிஷன் வசதியுள்ளவர்களுக்குச் சாதகமானது என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. முன்கூட்டி விண்ணப்பிப்பதால் கிடைக்கும் சாதகம் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறத்தாழ 100 மதிப்பெண் கூடுதலாகப் பெறுவதற்குச் சமம் என்று ஏவரி, ஃபேர்பேங்க்ஸ், செக்ஹாசர் ஆகியோர் 2003இல் வெளியிட்ட நூல் கணக்கிட்டது. 2006இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிட்டன. மற்றவர்கள் பின்தொடரவில்லை. 2011இல் மூன்றும் ஏதோ ஒரு வடிவில் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. இன்று மிடில்பரி, பேட்ஸ் போன்ற கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பின் பாதிக்கும் மேற்பட்ட இடங்கள் பிணைப்புச் சேர்க்கையில் போய்விடுகின்றன. 2025 ஆகஸ்டில், எர்லி டிசிஷன் போட்டியை ஒடுக்கிக் கட்டணத்தை உயர்த்துகிறது என்று 32 கல்லூரிகள் மீது மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது.

இந்த முறையைக் காக்க விரும்பும் கல்லூரிக்கு மாட்ச் திட்டத்தின் பிணைப்பு வலுவான வாதத்தைத் தருகிறது. பிணைப்புச் சேர்க்கையில் ஏழைகளும் வருகிறார்கள் என்று அது சொல்லலாம். ஏழைகளுக்கே நல்லதென்று கருதப்படும் விதியைப் பணக்காரருக்கு மட்டும் எப்படித் தடுப்பது என்று கேட்கலாம். ஒரு வகுப்பில் 45 ஏழை மாணவர்களை உள்ளே கொண்டுவரும் விதி, அதே வகுப்பின் பாதி இடங்களைப் பார்த்து, ஒப்பிட்டு, முழுக் கட்டணமும் கட்ட முடிந்தவர்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கும் விதிக்கு நற்சான்றாக நிற்கிறது. இந்தக் காரணத்துக்காகவே இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டியது குவெஸ்ட்பிரிட்ஜின் பொறுப்பாகிறது. பிணைப்பு நீங்கினால் எல்லாக் கல்லூரிகளும் திட்டத்தில் தங்கும் என்று உறுதி சொல்ல முடியாதுதான். சில விலகக்கூடும். ஏழை மாணவரைக் கட்டிப்போட முடியாவிட்டால் சேர்க்கவும் மாட்டோம் என்று விலகும் கல்லூரியை இன்னும் சில ஆண்டுகள் தக்கவைப்பதற்காக மற்ற எல்லோரின் தெரிவுரிமையையும் அடகு வைப்பது தகாது.

9. இப்போதைய விதிக்குள் என்ன செய்யலாம்?

விதி மாறும்வரை இறுதிச் சுற்று மாணவருக்கு உள்ள வழிகள் குறைவு, ஆனால் உண்டு. பிணைப்பு இல்லாத கல்லூரிகளை மட்டும் வரிசையில் எழுதலாம்; இணைக்கப்பட்டால் முழு உதவி உறுதியாகும், மே 1 வரை தெரிவுரிமையும் இருக்கும். பிணைப்புள்ள கல்லூரிகளை எழுதுபவர், வேறெந்த முடிவும் வராவிட்டாலும் அங்கே மகிழ்ச்சியோடு போவேன் என்று சொல்லத்தக்கவற்றோடு நிறுத்தி, மீதி இடங்களை வெறுமையாக விடலாம். எந்த வரிசையும் எழுதாமல், இறுதிச் சுற்று மாணவர் என்ற தகுதியோடு நேராக வழக்கமான சுற்றுக்குப் போகவும் திட்டம் இடம் தருகிறது. ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டிய நிகரக் கட்டணக் கணிப்பானில் வீட்டு வருமானத்தை இட்டுப் பார்த்தால், மாட்ச் இல்லாமலே அங்கே என்ன உதவி கிடைக்கும் என்பது அக்டோபருக்கு முன்பே ஏறத்தாழத் தெரிந்துவிடும். அந்தக் கணக்கை மாணவரோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து போட்டுக் காட்டுவது, உறுதிமொழியில் மூன்றாவதாகக் கையொப்பமிடும் பள்ளி ஆலோசகரின் கடமை.